கனவென்று முடியும் கதைகள்

ஒலுவில் துறைமுகத்தை அடுத்த வீடு ஒன்றில் இஷாத் தொழுகையும் இராச் சாப்பாடும் முடிந்த பின்னர், குடும்பத்தார் அனைவரும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முன் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கதாநாயகியின் கணவன் வீதி விபத்தில் இறந்துபோகிறான். சவப்பெட்டி வீட்டு வாசலில் இறக்கப்படுகிறது. வீட்டிலுள்ள மூத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுநாள் அதே நேரத்தில் தொடர் மீண்டும் தொடங்குகிறது. கதாநாயகி வியர்த்து விழித்தெழுகிறாள். பக்கத்திலே கணவன் குறட்டை விட்டு உறங்குகிறான். சாவும் சவப்பெட்டியும் கனவு! பிள்ளைகள் சிரிக்கின்றனர். மூத்தம்மா மாத்திரம் சிரிக்கவில்லை. "அப்ப நேத்து நான் அழுததெல்லாம் சும்மாவா?" என்று கேட்கிறார்.

இலக்கியத் திறனாய்வாளர் பலர் பல பக்கங்களில் கேட்கும் கேள்வியை அந்த மூதாட்டி ஒரு வரியில் கேட்டுவிட்டார். கதை சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. கதை பொய்யென்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும், கேட்பவர் தம் கண்ணீரை மெய்யாகவே கொடுக்கிறார்; சொல்பவர் அதனை வீணாக்காமல் காக்கக் கடமைப்பட்டவர். கனவு என்னும் உத்தி இந்த உடன்படிக்கையைப் பலப்படுத்தவும் வல்லது, முறிக்கவும் வல்லது. எப்போது பலப்படுத்துகிறது, எப்போது முறிக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

தமிழுக்குக் கனவு புதிய சரக்கன்று. நனவு, கனவு என்று ஓசையொத்த இணைச்சொற்களைப் படைத்து வைத்த மொழி இது. திருக்குறளின் 122ஆம் அதிகாரம் முழுவதும் கனவு நிலையைப் பற்றியது. அதில் வரும் தலைவி, விழிப்பு என்ற ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் கனவில் வந்த காதலர் பிரியாமலே இருந்திருப்பாரே என்று ஏங்குகிறாள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'கனாத்திறம் உரைத்த காதை' என்று பெயர். கோவலன் மாதவியிடமிருந்து திரும்பி வருமுன்பே கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்திக்குச் சொல்லிவிடுகிறாள். கணவனுடன் பெரிய நகரொன்றுக்குச் சென்றதும், அங்கே அடாப்பழி வந்து சேர்ந்ததும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததும், தான் அரசன்முன் வழக்குரைத்ததும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைந்ததும் ஆக அத்தனையும் அக்கனவில் அடக்கம். மதுரையில் பாண்டிமாதேவியும் தீக்கனவு காண்கிறாள். குடையும் செங்கோலும் வீழ, திசைகள் அதிர, பகலை இருள் விழுங்குகிறது. அவள் அதனை அரசனிடம் கூறி முடிக்கும் முன்னரே, கையில் ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள்.

இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் நேயர்களுக்கு இன்னொரு கனவுக் கதை இளமை முதலே பழக்கமானது. திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் யூசுப் நபியின் வரலாற்றைக் கூறுவது. பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணியக் கண்ட கனவைச் சிறுவர் யூசுப் தம் தந்தையிடம் கூறுவதிலே அது தொடங்குகிறது. பின்னர்ச் சிறையிலே இருவரின் கனவு. அதன் பின்னர், கொழுத்த பசுக்கள் ஏழினை மெலிந்த பசுக்கள் ஏழு தின்னக் கண்ட அரசனின் கனவு. அக்கனவுக்குச் சரியான பொருள் கூறியமையால் ஒரு நாட்டின் தானியமே காக்கப்படுகிறது. கடைசியில் பெற்றோரும் சகோதரர்களும் எகிப்துக்கு வந்து சேரும்போது, முதற் கனவு நனவாகி நிற்கிறது.

இந்தப் பழங்கதைகளிடையே பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கனவு, கனவென்று அறிவிக்கப்பட்ட பின்னரே சொல்லப்படுகிறது; சொல்லப்பட்ட கனவு பலிக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கும் வழியெல்லாம் கேட்போரின் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்? நடப்போருள் ஒருத்தி அறிந்திருந்ததைக் கேட்போரும் அறிந்திருக்கின்றனர். அங்கே கனவு கேட்பவரை ஏமாற்றவில்லை. அவர்மீது ஒரு பாரத்தை ஏற்றி வைக்கிறது.

சினிமா வந்தது, நிலைமை மாறியது. காரணம் கதாசிரியர்களின் குணக்கேடு அன்று; படத்தின் இயல்பிலேயே உள்ள ஒரு குறை. தமிழில் 'வந்தான்' என்றால் வந்ததைச் சொல்பவரே பொறுப்பேற்கிறார். 'வந்தானாம்' என்றால், பிறர் சொன்னது, நேரில் கண்டதன்று என்பது விளங்கிவிடுகிறது. 'ஆம்' என்னும் அந்தச் சிறு ஒட்டு எத்தனை பெரிய வேலையைச் செய்கிறது! 'கனாக் கண்டேன்' என்று தொடங்கிவிட்டால், அடுத்து யானை பறந்தாலும் எவரும் வியப்படையார். திரைப்படத்துக்கோ அந்த 'ஆம்' இல்லை. இறந்தகாலம், எதிர்காலம் என்ற விகுதிகளும் இல்லை. திரையில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வந்தால், அவன் வந்தான், அவ்வளவே. அவன் நினைவில் வந்தானா, கனவில் வந்தானா, எவரோ புளுகிய கதையில் வந்தானா என்பதைப் படம் தானாகச் சொல்ல மாட்டாது.

ஆகவே, பழைய படக்காரர்கள் தாமே சில அடையாளங்களை உண்டாக்கினர். தரையெங்கும் வெண்புகை சூழ்வது, படம் நீரில் தோன்றும் நிழல்போல் நெளிவது, நடை மெதுவாவது, வீணை நரம்புகளை வருடிவிட்டாற் போன்ற இசை எழுவது ஆகியவையெல்லாம் திரையின் 'ஆம்' விகுதிகளே. 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பஸ்டர் கீட்டன் என்னும் நகைச்சுவை நடிகர் எடுத்த 'ஷெர்லாக் ஜூனியர்' என்ற ஊமைப் படத்தில், படம் ஓட்டும் தொழிலாளி ஒருவன் இயந்திரத்தின் அருகே உறங்கிவிடுகிறான். உறங்கும் உடல் அங்கேயே கிடக்க, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இன்னோர் உருவம் அவனிடமிருந்து எழுந்து நடந்து சென்று, திரையில் ஓடும் படத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. எங்கே நனவு முடிந்தது, எங்கே கனவு தொடங்கியது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் வியப்பு ஒரு சிறிதும் குறையவில்லை.

இந்த விஷயத்தில் வானொலி நாடகம் சினிமாவுக்கு மூத்த சகோதரி போன்றது. அங்கே புகையும் இல்லை, திரையும் இல்லை. ஒலிவாங்கியிலிருந்து நடிகர் இரண்டு அடி விலகி நின்று பேசினால் குரல் தூரத்துக் குரலாகிறது. எதிரொலி சேர்த்தால் நினைவின் குரலாகிறது. அண்மையில் வந்து மெல்லப் பேசினால் மனத்துக்குள் பேசும் குரலாகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் நேயர் அப்போதே பாதிக் கனவில் இருக்கிறார் என்பதும் ஒரு வசதியே.

அறிவித்துவிட்டுக் காட்டும் கனவுகளில் சில, மறக்கவியலாத காட்சிகளாக அமைந்தன. 1951இல் ராஜ்கபூர் எடுத்த 'ஆவாரா' இந்திப் படத்தில், திருட்டுத் தொழிலிலிருந்து மீளத் தவிக்கும் கதாநாயகன் நரகத்தின் தீக்கும் சுவர்க்கத்தின் படிக்கட்டுக்கும் இடையே அலைவதாக நீண்ட கனவுக் காட்சி ஒன்று உண்டு. 1966இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'நாயக்' வங்காளப் படத்தின் கனவோ, மிகச் சிக்கனமானது. அதனாலேயே அதிகம் அச்சுறுத்துவது. கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு ரயிலில் செல்லும் புகழ்பெற்ற நடிகன் கண்ணயர்கிறான். கனவில், எங்கு நோக்கினும் ரூபாய் நோட்டுக் குவியல். அவன் மகிழ்ந்து நடக்கிறான். மணி ஒலிக்கும் தொலைபேசிகளை ஏந்தியபடி எலும்புக் கைகள் நோட்டுக்களிடையிலிருந்து எழுகின்றன. பின்பு அந்தக் குவியலே சேறாகி அவனை உள்ளிழுக்கிறது. பழைய ஆசான் எதிரே நிற்கிறார். நீட்டிய கையைப் பற்றாமல் நின்றுவிடுகிறார். விழித்த பின்னும் நடிகனுக்கு அமைதியில்லை. கனவில் கண்டது நடக்கவில்லை; ஆனால் அதில் தெரிந்தது உண்மை.

தமிழ்ப் படங்களில் கனவு பெரும்பாலும் பாட்டின் வீட்டிலேயே குடியிருந்தது. காதலன் காதலியைக் கண் இமைக்காமல் நோக்குகிறான்; மறுகணம் இருவரும் பனிமலையில் ஆடிக்கொண்டிருக்கின்றனர். 1998இல் வந்த 'ஜீன்ஸ்' படத்தில் ஒரே பாட்டுக்குள் உலக அதிசயங்கள் ஏழையும் சுற்றிவந்துவிடுகின்றனர். கடவுச்சீட்டு எங்கே, உடை மாற்றியது எப்போது என்று எவரும் கேட்பதில்லை. பாட்டு தொடங்கியதே 'ஆம்' விகுதிக்கு ஈடு என்று நம் பார்வையாளர் நெடுங்காலமாகவே ஒப்புக்கொண்டுவிட்டனர். மேனாட்டார் இதைக் கண்டு நகைப்பதுண்டு. நகைப்பதற்குரியது இதில் ஒன்றுமில்லை. எவரையும் ஏமாற்றாத நேர்மையான கனவு இது.

இடர்ப்பாடு எழுவது, அடையாளத்தை வேண்டுமென்றே மறைக்கும்போதுதான்.

அவ்வாறு மறைத்த படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று ஜெர்மனியில் 1920இல் வெளிவந்த 'டாக்டர் காலிகாரியின் கூண்டு'. தூக்கத்தில் நடக்கும் ஒருவனை ஏவிக் கொலைகள் செய்விக்கும் வைத்தியன் ஒருவனைப் பற்றி ஓர் இளைஞன் கதை கூறுகிறான். அவ்வைத்தியனே மனநோய் மருத்துவமனையின் தலைவன் என்று கண்டுபிடிக்கப்படுகிறது. இறுதியில் படம் தலைகீழாகிறது. கதை கூறிய இளைஞனே அந்த மருத்துவமனையின் நோயாளி. தலைவரோ சாந்தமான, நல்ல மனிதர். படத்தின் கதையை எழுதிய இருவருள் ஒருவரான ஹான்ஸ் யானோவிட்ஸ் பின்னாளில் இது குறித்து மனம் வருந்தினார். அதிகாரத்தின் பைத்தியக்காரத்தனத்தைக் குற்றஞ்சாட்ட எழுதிய கதை, குற்றஞ்சாட்டியவனையே பைத்தியமாக்கிவிட்டது என்பது அவர் முறையீடு. 'இவன் கண்டது கனவு' என்று முத்திரை குத்திவிட்டால், அவன் சொன்ன குற்றச்சாட்டும் அதனோடு காற்றில் போய்விடுகிறது. கனவு உத்தியின் ஆபத்தான பக்கம் இது.

இன்னொரு பக்கத்தையும் காணலாம். எல். பிராங்க் பௌம் 1900இல் எழுதிய சிறுவர் நவீனத்தில், டாரதி என்னும் சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச்சென்று ஓஸ் என்ற மாய நாட்டில் போட்டுவிடுகிறது. அவள் அங்கிருந்து உண்மையாகவே திரும்பி வருகிறாள். வந்து பார்க்கும்போது, பறந்துபோன பழைய வீட்டுக்குப் பதிலாக அவளுடைய மாமா புது வீடு கட்டியிருக்கிறார். 1939இல் ஹாலிவுட்டார் இதைப் படமாக்கியபோது, எல்லாவற்றையும் கனவாக்கிவிட்டனர். அடிபட்டு மயங்கிய டாரதி தன் பழைய கட்டிலிலேயே கண் விழிக்கிறாள். வீடு அசையாமல் நிற்கிறது. படம் மிக அழகானது, உலகம் கொண்டாடியது. எனினும் நவீனத்தின் அந்தப் புது வீட்டில் ஒரு நேர்மை உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்கிலங்கையைச் சுழற்றியடித்த சூறாவளிக்குப் பின்னர், கூரையிழந்து, மரங்களையும் இழந்து மறுபடி வீடு கட்டியவர்களுக்கு அந்த வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. சூறாவளி வந்ததென்றால், வந்ததற்கு அடையாளமாக ஏதேனும் ஒன்று மாறியிருக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் இந்த உத்தி எல்லை கடந்தது 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடரில். எண்ணெய் வணிகக் குடும்பம் ஒன்றின் கதை அது. பாபி யூவிங் என்ற முக்கிய பாத்திரத்தில் நடித்த பாட்ரிக் டஃபி விலக விரும்பியதால், 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பாத்திரம் காரில் அடிபட்டு இறந்தது. அடுத்த பருவம் முழுவதும் கதை அவனில்லாமலே நடந்தது. பார்ப்போர் தொகை குறையவே, நடிகரை மீண்டும் அழைத்தனர். இறந்தவனை எவ்வாறு எழுப்புவது? 1986 மே மாதத்தில், அவனுடைய முன்னாள் மனைவி பமிலா காலையில் எழுந்து குளியலறைக் கதவைத் திறக்க, உள்ளே பாபி குளித்துக்கொண்டிருந்தான்! செப்டெம்பரில் விளக்கம் வந்தது: அவன் செத்தது முதல் அந்தக் காலை வரை நடந்த யாவும் பமிலா ஓரிரவில் கண்ட கனவாம். ஓராண்டின் திருமணங்களும் பிரிவுகளும் சாவுகளும் ஒரே வசனத்தில் அழிந்துபோயின.

இதில் வேடிக்கையான சிக்கல் ஒன்றும் நேர்ந்தது. டல்லாஸ் தொடரிலிருந்து கிளைத்து 'நாட்ஸ் லாண்டிங்' என்ற வேறொரு தொடர் நடந்துகொண்டிருந்தது. பாபியின் அண்ணன் அதில் ஒரு பாத்திரம். அங்கே பாபிக்காகத் துக்கம் கொண்டாடியாகிவிட்டது. தாய்த் தொடரின் கனவுக்காகத் தம் கதையை அழிக்க அதன் எழுத்தாளர்கள் முன்வரவில்லை. ஒரு வீட்டில் உயிரோடு இருப்பவன் மறு வீட்டில் மரித்தவனாகவே இருந்தான். வணிகத்தின் தேவைக்காகக் கண்ட கனவு எத்தனை வீட்டில்தான் செல்லுபடியாகும்! ஒலுவில் மூத்தம்மாவின் கேள்விக்கு டல்லாஸ் தயாரிப்பாளர்களிடம் நேரான பதில் இருந்திருக்குமென்று தோன்றவில்லை.

அப்படியானால், மறைத்த கனவு எல்லாமே மோசடிதானா? இல்லை. அம்புரோஸ் பியர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1890இல் வெளியிட்ட சிறுகதை ஒன்று இதற்குச் சான்று. உள்நாட்டுப் போர்க் காலம். ரயில் பாலமொன்றின்மீது பெய்ட்டன் ஃபார்க்குவார் என்பவனைத் தூக்கிலிடப் படைவீரர்கள் ஆயத்தமாகின்றனர். பலகை நீக்கப்படுகிறது. கயிறு அறுந்து ஆற்றில் விழுகிறான்; குண்டுகளுக்குத் தப்பி நீந்துகிறான்; காட்டினூடே இரவெல்லாம் நடக்கிறான். வீட்டு வாயிலில் மனைவி கைகளை நீட்டி நிற்கிறாள். அவளைத் தழுவப்போகும் கணத்தில் பிடரியில் ஓர் அடி. பின்பு இருள். அவன் உடல் பாலத்தின் கீழ் மெல்ல ஊசலாடுகிறது. கயிறு அறவேயில்லை. பலகை நீங்கியதற்கும் கழுத்து முறிந்ததற்கும் இடைப்பட்ட நொடியில் அவன் கண்டதே அத்தனையும். ரொபேர் என்ரிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1960களின் தொடக்கத்தில் இதைக் குறும்படமாக எடுத்தார். பேச்சே அதில் மிகக் குறைவு. 1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியும் அதனை ஒளிபரப்பியது.

இதுவும் 'எல்லாம் கனவு' என்று முடியும் கதையே. ஆயினும் டல்லாசுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டல்லாசில் விழிப்பு சாவை அழித்தது. பியர்ஸின் கதையில் விழிப்பே சாவு. வாசகர் இழந்தது ஒன்றுமில்லை. அந்த மனிதன் வீடு சேர வேண்டுமென்று அவர் கொண்ட ஆசைக்கு, அதன் முழு விலையும் அந்தக் கடைசி வரியில் தெரிகிறது. மேலும், பியர்ஸ் திருட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை. தூக்குக் கயிற்றின் கீழ் நிற்பவனுக்குத் தன் கடிகாரத்தின் 'டிக் டிக்' ஒலி கொல்லன் சம்மட்டியின் ஓசையாகக் கேட்கிறது என்றும், ஒவ்வோர் அடிக்கும் இடையே நேரம் நீண்டுகொண்டே போகிறது என்றும் முன்கூட்டியே எழுதியிருக்கிறார். காலம் இங்கே இழுபடுகிறது என்ற எச்சரிக்கை அது. கூர்ந்து கேட்டவருக்கு அந்த ஓசையிலேயே 'ஆம்' விகுதி இருந்தது.

தமிழ்த் திரையுலகம் இத்தகைய புதிர்களைக் கனவினாலன்றிப் பொய்யினாலேயே அதிகம் கட்டியது. 1964இல் தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'யில், இறந்துபோனதாகக் கூறப்பட்ட மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள். சிவாஜி கணேசன் ஏற்ற கோபால் என்ற பாத்திரம் பதறுகிறது, அரங்கிலிருப்போரும் பதறுகின்றனர். வந்தவள் மனைவியல்லள், உண்மையைக் கக்க வைப்பதற்காகப் பொலீசார் ஏற்பாடு செய்த வேடம் என்பதை அவன் வாயாலேயே நிறுவ நேரும்போது, தன் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள நேர்கிறது. அவனைக் காதலித்தவளும் பொலீஸ் அதிகாரியே. ஆனால் காதல் நடிப்பன்று. பொய் கலைகிறது, அது கலைந்த இடத்தில் ஒரு கொலையும் ஒரு காதலும் மெய்யாகவே மிஞ்சுகின்றன.

அதே ஆண்டில் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் மகனாக வரும் நாகேஷ், தந்தையாகிய பாலையாவுக்குப் பேய்க்கதை ஒன்றைக் கூறும் காட்சியை அறியாதார் இல்லை. பேயும் காடும் திரையில் ஒருபோதும் காட்டப்படவில்லை. நாகேஷின் குரலும் வாயால் எழுப்பும் ஓசைகளும், பாலையாவின் முகமும் மாத்திரமே. அந்த ஒலியை மட்டும் வானொலியில் கேட்டவரும் வயிறு குலுங்கச் சிரித்தனர்; பாலையாவைப் போலவே ஓரளவு பயந்தும் இருப்பர்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2012இல், கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' அதே சூழ்நிலையைப் பெரிதாக்கியது. பீட்சா கொண்டுகொடுக்கும் இளைஞன் இரத்தக் கறையுடன் கடைக்குத் திரும்பி வந்து, பங்களா ஒன்றில் தான் பட்ட பேய்த் துன்பத்தைக் கூறுகிறான். அந்தப் பங்களாவின் இருளைப் படம் விரிவாகக் காட்டுகிறது, பார்ப்போர் நடுங்குகின்றனர். பிற்பாடு உண்மை வெளியாகிறது. பேயும் இல்லை, பங்களாவில் நடந்ததாகச் சொன்ன எதுவும் இல்லை. முதலாளியின் வைரங்களை அபகரிப்பதற்காகப் பேய்க்கதை எழுதும் காதலியோடு சேர்ந்து அவன் புனைந்த கட்டுக்கதையே அது. மகளைப் பேய் பிடித்திருப்பதாக நம்பும் முதலாளி அதையும் நம்பிவிடுகிறார். இங்கும் திரை 'ஆம்' சொல்லவில்லை. இருந்தும் பார்ப்போர் சினம் கொள்ளாமல் கைதட்டியதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அமர்ந்திருந்தது முதலாளியின் நாற்காலியில். ஏமாந்ததற்கு விலை கொடுத்தவர் அவர். வைரங்கள் மெய்யாகவே போய்விட்டன.

இவற்றினும் ஆழமான படம் ஒன்று, 2022 டிசம்பரில் கேரளத்துத் திரைப்பட விழாவிலும், 2023 ஜனவரியில் திரையரங்குகளிலும் வெளிவந்தது. மலையாள நெறியாளர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது, எஸ். ஹரீஷ் எழுதியது, பேசும் மொழியோ பாதிக்கு மேல் தமிழ். அதன் பெயர் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. அதைப் பற்றிக் கூறுமுன், இக்கரையோரத்தின் ஓர் உண்மையை நினைவுகூர்தல் பொருந்தும்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்கரைத் தெருக்கள் சில நிமிடங்களில் இல்லாமற்போயின. எல்லா உடல்களும் கரை சேரவில்லை. உடல் கிடைக்காதோரின் மரணத்தைப் பதிவதற்கென 2005இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. காணாமற்போனவனுக்கு இஸ்லாமியச் சட்ட நூல்கள் 'மஃப்கூத்' என்று பெயரிட்டு, அவன் மனைவி எத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டும், அவன் சொத்தை எப்போது பிரித்தல் வேண்டும் என்றெல்லாம் ஆராய்கின்றன. கடற்றொழில் செய்யும் ஊர்களுக்கு இது நூலில் மட்டும் உள்ள கேள்வியன்று. இறந்தவனுக்காக அழுது தீர்க்கலாம். காணாமற்போனவன் வீட்டிலோ, கனவு எது நனவு எது என்ற வரம்பு ஆண்டுக்கணக்கில் அழிந்தே கிடக்கும். அவன் கனவில் வந்தால், இருக்கிறானோ என்ற ஐயம் எழும். விழித்தால், இல்லையோ என்ற அச்சம் எழும்.

பெல்லிசேரியின் படத்தில் வரும் வீடு அத்தகையது. சுந்தரம் என்ற தமிழ்நாட்டுக் கிராமத்து மனிதன் இரண்டு ஆண்டுகளாகக் காணாமற்போயிருக்கிறான். ஒரு நண்பகலில், வேளாங்கண்ணி யாத்திரை முடித்துக் கேரளத்துக்குத் திரும்பும் வண்டி ஒன்று அந்தக் கிராமத்தின் அருகே வருகிறது. பயணிகள் அனைவரும் உண்ட மயக்கத்தில் உறங்குகின்றனர். மம்மூட்டி ஏற்ற ஜேம்ஸ் என்பவர் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக் கொல்லையினூடே நடந்து, நேராகச் சுந்தரத்தின் வீட்டுக்குள் புகுகிறார். கொடியில் கிடந்த கைலியை எடுத்து உடுக்கிறார். மாட்டுக்குத் தீனி வைக்கிறார். தமிழ் உணவில் குறை கண்டுகொண்டு வந்தவர், அச்சு அசலாக அவ்வூர்த் தமிழில் அவ்வூர்ச் செய்தி பேசுகிறார். மனைவி திகைக்கிறாள்; ஊரார் சினக்கின்றனர்; வண்டியில் வந்த சொந்த மனைவியும் மகனும் கதறுகின்றனர். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் எந்நேரமும் அமர்ந்து பழைய தமிழ்ப் படங்களைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற தாய் ஒருத்திதான் திகைக்கவில்லை. அவளுக்கு முகம் தேவையில்லை. குரல் வந்துவிட்டது, மகன் வந்துவிட்டான்.

இந்தப் படத்தில் புகையும் இல்லை, நெளியும் படமும் இல்லை, விளக்கமும் இல்லை. ஆவி புகுந்ததா, மனநோயா, பகற்கனவா, யார் கண்ட கனவு என்று எதையும் அது கூறுவதில்லை. தொடக்கத்திலேயே, தங்கும் விடுதிச் சுவரில் எழுதப்பட்ட ஒரு குறளின் பொருள் மாத்திரம் ஜேம்ஸுக்கு விளக்கப்படுகிறது. உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் ஒப்பிடும் குறள் அது. கண்ணகி தேவந்திக்குக் கனவைச் சொன்னாற்போல, படமும் தன் எச்சரிக்கையை முன்னரே சொல்லிவிட்டது. ஊரெங்கும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பழைய படங்களின் பாட்டும் வசனமும் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டேயிருக்கின்றன. அவ்வூரார் வாழ்வதே பாதி அந்தக் கதைகளுக்குள்தான் என்று தோன்றும்.

மறுநாள் நண்பகலில் ஊர் முழுவதும் மீண்டும் உறங்குகிறது. சுந்தரமாக இருந்தவரும் உறங்குகிறார். விழிக்கும்போது அவர் ஜேம்ஸ். எங்கே இருக்கிறோம் என்று விளங்காமல் தம்மவரை எழுப்பி, வந்த வழியே வண்டிக்கு நடக்கிறார். அவருக்கு அது ஓர் உறக்கத்தின் தொலைவு, அவ்வளவே.

அந்த வீட்டாருக்கோ அது அழிந்துபோகும் கனவன்று. சுந்தரம் ஒரு பகலும் ஓர் இரவும் வீட்டில் இருந்தான், மாட்டுக்குத் தீனி வைத்தான், தாயோடு பேசினான். அவனை அவர்கள் இரண்டாம் முறை இழக்கின்றனர், இம்முறை கண்ணெதிரிலேயே. சோளக் கொல்லைக்கு அப்பால் வண்டி புறப்படுகிறது. பார்வையற்ற தாயின் முன்னிருக்கும் பெட்டியில் பழைய படமொன்றின் வசனம் தொடர்ந்துகொண்டிருக்கிறது.